கண்ணும் கண்ணாடியும்

இராஜபாளையம் என்று சொன்னவுடன் நேயர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை வெளேரென்ற வேட்டை நாய் ஞாபகம் வரும். பஞ்சாலைகள் ஞாபகம் வரும். மாம்பழக் காலமாயிருந்தால் நாவில் ஜலம் ஊறும். தேச சரித்திரம் படித்தவர்களுக்கு, 1949 முதல் 1952 வரை சென்னையின் முதன் மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜாவின் ஊர் இது என்பதும், அவர் தாம் வாழ்ந்த வீட்டையே கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்பதும் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. ஆண்டாள் அவதரித்த திருத்தலம், பதினொரு நிலைக் கோபுரம், ஆடிப்பூரத் தேர், கடைசியில், மறக்காமல் வாங்கி வரவேண்டிய பால்கோவா!

இவ்விரண்டு ஊர்களுக்கும் யாராவது நக்ஷத்திரம் பார்ப்பதற்காகப் பிரயாணம் போனதாகக் கேள்விப்பட்டதுண்டா? நான் போய் வந்தேன். தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் போய், மூன்று இரவுகள் தங்கி, வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பகலில் எத்தனையோ முறை பார்த்த ஊர்கள்தாம். ஆனால் ஓர் ஊரை முழுவதும் பார்த்துவிட்டதாகச் சொல்ல வேண்டுமானால், அதன் தலைக்கு மேலுள்ள பாதியையும் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

பிரயாணத்துக்குக் காரணம் என் தங்கையின் புதல்வி. இராஜபாளையத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு வருஷத்து உண்டியல் பணத்தையும், பேச்சுப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்று பிடிவாதமாயிருந்தாள். அவள் தகப்பனார் ஒரு பெட்டியின் படத்தைக் கைப்பேசி மூலம் எனக்கு அனுப்பியிருந்தார். பெட்டியின் மேல் சனி கிரகம் தட்டில் வைத்த மாம்பழம் போல் பிரகாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் "675 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று போட்டிருந்தது. "மச்சான்! நீங்கள் பௌதிகம் படித்தவர். வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் ரயில் ஏறிவிட்டேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரயிலில், விருதுநகரும் சிவகாசியும் தாண்டிய பிறகு, வலது கைப்பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில் போல் எழுந்து கூடவே வரத் தொடங்கும். இடது பக்கம் முழுவதும் கரிசல் பூமியும் பனைமரங்களும் கண்மாய்களுமான சமவெளி. வானம் பார்க்கிறவனுக்கு இந்தப் பூகோளம் முக்கியமானது. கிழக்கே தோன்றும் நக்ஷத்திரத்துக்குத் தடையேதும் இல்லை. மேற்கே மறையும் நக்ஷத்திரமோ, அடிவானம் தொடும்வரை காத்திராமல் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஒரு நக்ஷத்திரம் ஒரு பாகை இறங்குவதற்குச் சுமார் 4 நிமிஷம் ஆகும். மலை எத்தனை பாகை உயரமோ, அத்தனை நான்கு நிமிஷங்களை நாம் மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அன்று மூன்றாம் பிறை. இராஜபாளையத்து வீட்டு மொட்டை மாடியில் எல்லோருமாகப் போய் நின்றோம். பிறையைக் கண்டு கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள், மேற்கேயுள்ள பெரிய மலை அதை விழுங்கிவிட்டது.

"மாமா! கண்ணாடி கொண்டுவரவில்லையா?" என்று கேட்டாள் குழந்தை.

"கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு அது பெட்டியிலேயே இருக்கும். இன்று உன் கண்ணுக்குத்தான் பரீட்சை" என்றேன்.

மாடி விளக்கை அணைத்தோம். கைப்பேசிகளைக் கவிழ்த்து வைத்தோம். இருட்டுக்குக் கண் பழகுவதற்குக் குறைந்தது 20 நிமிஷம் வேண்டும். இருட்டில் கண்ணின் பாவை விரிந்து, இளம் வயதினருக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் அகலம் ஆகிறது. நடுவில் யாராவது ஒருவர் மணி பார்ப்பதற்காகக் கைப்பேசியைத் திறந்தால், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நகரத்தின் மின்சார விளக்குகள் கீழ்வானத்தை மஞ்சளாக்கியிருந்தாலும், உச்சி வானம் நன்றாகவே இருந்தது.

முதலில் கார்த்திகையை எண்ணச் சொன்னேன். ஆறு என்றாள். முருகனை வளர்த்த பெண்கள் அறுவர்தாமே! பிறகு வடக்கே திரும்பி, கையை நன்றாக நீட்டி முஷ்டி பிடிக்கச் சொன்னேன். நீட்டிய கை முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நடுவிரல்கள் மூன்றும் சேர்ந்தால் 5 பாகை. சுண்டு விரல் 1 பாகை. இதைவிட மலிவான வானக் கருவி உலகத்தில் கிடையாது. இராஜபாளையம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9½ பாகையில் இருக்கிறது. ஆகையால் துருவ நக்ஷத்திரமும் வடக்கு அடிவானத்துக்கு மேலே 9½ பாகை, அதாவது ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும். அடுத்த தெருத் தென்னை மரத்தின் மட்டைகளுக்கு நடுவில், மங்கலாக, அது அங்கேயே இருந்தது. குழந்தை தன் முஷ்டியையும் நக்ஷத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பூமி உருண்டை என்பதைப் பாடப் புஸ்தகத்தில் படித்தவள், அன்று தன் கையாலேயே அளந்து பார்த்துவிட்டாள்.

தன் கண்ணால் வானத்தில் வழி தெரிந்துகொள்ளாதவர்களுக்கு எந்தக் கண்ணாடியும் பிரயோஜனப்படாது. தூரதிருஷ்டிக் கண்ணாடி வானத்தில் ஒரு சிறு துவாரத்தைத்தான் காட்டும். எந்த இடத்தில் துவாரம் போடுவது என்று தெரியாதவனுக்கு அதில் வெறும் இருட்டுத்தான் தெரியும். ஒரு வாரம் இருட்டைப் பார்த்தபின் கண்ணாடி பரணுக்குப் போய்விடும். என் தங்கை பயந்ததும் அதுதான். "அண்ணே! ஆசையாய் வாங்கின ஆர்மோனியம் ஏற்கெனவே பரணில் இருக்கிறது. அதற்குத் துணை வேண்டாம்" என்றாள்.

மறுநாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். சுமார் 12 கிலோமீட்டர் தூரம். பஸ்ஸில் அரை மணிக்குள் போய்விடலாம். வடபத்ரசாயி கோவில் கோபுரம் சுமார் 192 அடி உயரம். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் இருப்பது தங்கள் கோபுரமே என்பது ஊராரின் பெருமை. அன்று எங்களுக்கு அந்தக் கோபுரம் வேறொரு விதத்தில் உபகாரம் செய்தது. நான் கொண்டு போயிருந்த பைனாகுலரைப் பரீட்சை செய்வதற்கு அதைவிட நல்ல இடம் ஏது?

பைனாகுலரின் மேல் "10×50" என்று போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்புறக் கண்ணாடியின் விட்டம் இத்தனை மில்லிமீட்டர் என்பது. கடைக்காரர்கள் முதல் எண்ணையே உரக்கச் சொல்வார்கள். வானம் பார்க்கிறவர்கள் இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். 7 மில்லிமீட்டர் பாவையைவிட 50 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 50 மடங்கு அதிக வெளிச்சத்தை வாரிக்கொண்டு வருகிறது. மங்கலான நக்ஷத்திரத்துக்கு வேண்டியது பருமன் அல்ல, வெளிச்சம். மேலும், 10 மடங்குக்கு மேற்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகி, நக்ஷத்திரங்கள் கும்மியடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே 7×50, 8×40, 10×50 ஆகிய மூன்றில் ஒன்றே வீட்டுக்கு ஏற்றது. மடங்கை ஏற்றி இறக்கும் திருகு வைத்தவையும், சிவப்பு நிறம் பூசிப் பளபளப்பவையும் வேண்டாம்.

வாங்கும்போது செய்யவேண்டிய பரீட்சைகள் மூன்று. உயரமான கோபுரத்தின் கலசத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து ஒரே கலசம் தெரிய வேண்டும். இரட்டையாகத் தெரிந்தாலும், பார்த்துக்கொண்டேயிருக்கையில் நெற்றி வலித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கலசத்தின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக நிறம் கசிகிறதா என்று கவனியுங்கள். கொஞ்சம் கசிந்தால் பாதகமில்லை, வானவில்லாகக் கசிந்தால் பாதகம். மூன்றாவதாக, பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். பார்க்கும் துவாரத்தில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாயிருந்தால் உள்ளேயிருக்கும் பட்டகக் கண்ணாடி நல்ல சரக்கு. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் மட்ட ரகம்.

இருட்டியதும் திருமுக்குளத்தின் அருகே நின்று சதுர்த்திப் பிறையைப் பார்த்தோம். பிறையின் மெல்லிய ஒளிக்கோட்டுக்குள், மீதிச் சந்திரனும் சாம்பல் நிறத்தில் உருண்டையாகத் தெரிந்தது. பூமியிலிருந்து போன வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்பி வருகிறது! ஒளிக்கோட்டின் உள்விளிம்பு ரம்பப் பல் போல் இருந்தது. சந்திரனுடைய மலைகளும் பள்ளங்களுமே அந்தப் பற்கள். அப்புறம் கார்த்திகைக்குத் திரும்பினோம். நேற்று ஆறாயிருந்த பெண்கள் இன்று அறுபதுக்குக் குறையாது என்று குழந்தை சாதித்தாள். எண்ணிப் பார்க்க நான் முயலவில்லை. 1610-ஆம் வருஷத்தில் கலிலியோ தம் குழாயால் பார்த்து, அந்தக் கூட்டத்தில் 36 நக்ஷத்திரங்களைப் படமாகப் போட்டார். அவருடைய குழாயைவிட எங்கள் பைனாகுலரின் கண்ணாடி அகலமானது.

இந்த ஊரில் நின்றுகொண்டு ஆண்டாளை நினையாமல் வானத்தைப் பார்க்க முடியுமா? திருப்பாவையின் 13-ஆம் பாசுரத்தில், விடியற்காலையில் சுக்கிரன் தோன்றியதையும் குரு மறைந்ததையும் அவள் குறித்து வைத்திருக்கிறாள். கிழக்கே சுக்கிரன் எழும் சமயத்தில் மேற்கே குரு அஸ்தமிக்க வேண்டுமானால், அந்த வருஷம் குரு ஏறக்குறைய சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் இருந்திருக்க வேண்டும். எல்லா மார்கழியிலும் இது நடக்காது. இந்த ஒரு குறிப்பை ஆதாரமாகக் கொண்டு, மு. இராகவையங்கார் முதலிய அறிஞர்கள் ஆண்டாளின் காலத்தை ஆராய்ந்து, கி.பி. 731 என்று சொன்னார்கள். வேறு வருஷம் சொல்லுவோரும் உண்டு. யார் சொல்வது சரி என்ற விவாதம் ஒரு புறம் இருக்கட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கருவி ஒன்றுமில்லாமல் வைகறையில் வானத்தை நோக்கிய ஒரு பெண்ணின் கண், இன்றைக்கும் கணித விற்பன்னர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்!

மூன்றாம் நாள், ஓய்வு பெற்ற பஞ்சாலை மெக்கானிக் ஒருவரைப் பார்க்கப் போனோம். மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். அதற்கு மேலே உள்ளது காட்டு இலாகா எல்லை. சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இரவில் அங்கே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. தோப்பின் நடுவிலுள்ள களமே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது.

அவரிடம் இருந்தது ஒரு மனிதர் மார்பளவு உயரமுள்ள தடித்த குழாய். அடியில் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிக் கண்ணாடி. குழாயைத் தாங்குவது ஒரு மரப்பெட்டி. பீரங்கியைத் திருப்புவதுபோல் மேலும் கீழும், இடமும் வலமும் கையாலேயே தள்ளித் திருப்பலாம். இந்த அமைப்பைப் பிரசித்தப்படுத்தியவர் ஜான் டாப்ஸன் (1915-2014). அவர் யார் தெரியுமா? ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ராமகிருஷ்ண சம்பிரதாயத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944-இல் சேர்ந்து, 23 வருஷம் சந்நியாசியாயிருந்தவர். கையில் காசில்லாத சந்நியாசி, கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைத் தேய்த்துக் குழிக் கண்ணாடியாக்கினார். அட்டைக் குழாயையும் பலகைத் துண்டுகளையும் கொண்டு கருவியை முடித்தார். மடத்தைவிட்டு வெளியேறிய பிறகு, தெருவோரத்தில் கருவியை நிறுத்திப் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சந்திரனைக் காட்டினார். ஆகாயம் எல்லோருக்கும் சொந்தம் என்பதே அவருடைய வேதாந்தம்.

நம்முடைய ஊர்களுக்கு இந்த எளிய பெட்டியே பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துருவத்தை அச்சாக வைத்துச் சுழலும் தாங்கிகளும் விற்கிறார்கள். அவற்றின் அச்சைத் துருவ நக்ஷத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். துருவம் 40, 50 பாகை உயரத்தில் நிற்கும் தேசங்களை மனத்தில் வைத்துச் செய்த சில தாங்கிகள், 9½ பாகைக்கு இறங்கிக் கொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, நம்முடைய துருவ நக்ஷத்திரம் தென்னை மட்டைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மரப்பெட்டிக்கும் ஒரு குறை உண்டு. நேர் உச்சியிலுள்ள பொருளை நோக்கித் திருப்புவது கடினம். திருவாதிரை நக்ஷத்திரமோ இந்த ஊரில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே கடந்து போகிறது! அந்தச் சமயத்தில் மெக்கானிக் ஒரு கயிற்றுக் கட்டிலைக் காட்டி, "படுத்துக்கொண்டு பைனாகுலரில் பார் அம்மா, கழுத்து வலிக்காது" என்றார். கயிற்றுக் கட்டிலும் வானசாஸ்திரக் கருவிகளில் ஒன்று என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

பஞ்சமிச் சந்திரனின் பள்ளங்களில் விழுந்த நிழல்களைக் கண்டோம். வியாழனையும், அதன் இடுப்பில் ஓடும் இரண்டு பட்டைகளையும், பக்கத்திலே வரிசையாக நின்ற உபகிரகங்களையும் கண்டோம். சந்திரன் மலைக்குப் பின்னால் போன பிறகு, ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைவாளில் இருக்கும் ஒளிமேகத்தைக் கண்டோம். அது சுமார் 1,300 ஒளி வருஷ தூரத்தில் இருக்கிறது. அங்கே புது நக்ஷத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு ஸப்தரிஷி மண்டலம் வடகிழக்கே மேலேறியது. கல்யாணத்தில் புரோகிதர் காட்டும் அருந்ததியும், அருகே வசிஷ்டரும் வெறுங்கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தார்கள். குழாயில் பார்த்தபோது வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்தார்! இவ்வளவுக்கும் நாங்கள் உபயோகித்தது 48 மடங்குதான்.

அப்படியானால் பெட்டியில் கண்ட 675 எங்கிருந்து வந்தது? கணக்கு எளிது. முன் கண்ணாடியின் குவிதூரத்தைக் கண் பக்கத்துக் கண்ணாடியின் குவிதூரத்தால் வகுத்தால் மடங்கு வரும். 900 மில்லிமீட்டரை 4 மில்லிமீட்டரால் வகுத்தால் 225. நடுவில் மூன்று மடங்காக்கும் வில்லை ஒன்றைச் செருகினால் 675. கணக்கில் பிழையில்லை, காட்சியில்தான் பிழை. நல்ல கருவி கூட, தன் விட்டத்தின் மில்லிமீட்டர் கணக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் ஒன்றும் புதிதாகத் தெரியாது. 60 மில்லிமீட்டர் குழாய்க்கு 120 மடங்கே எல்லை. மேலே போவது, ஓர் ஆழாக்குப் பாலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமானம். அளவு பெருகும், பால்கோவா கிண்ட முடியாது. போதாததற்கு அந்தப் பெட்டிக் குழாய்க்கு ஈர்க்குச்சி போன்ற முக்காலி. ஆனி ஆடியில் மலைக் கணவாய்களிலிருந்து வீசும் காற்றில் வியாழன் ஊஞ்சலாடிவிடும்.

திரும்பி வந்த பிறகு வீட்டில் ஆலோசனை நடந்தது. தகப்பனாருக்கு இப்போது மெக்கானிக்கின் குழாய் மேல் ஆசை வந்துவிட்டது. "கொஞ்சம் பணம் நான் போட்டு அதையே வாங்கிவிடுகிறேனே!" என்றார்.

அப்போது என் தங்கை கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. "அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்? நீங்கள் வேலையிலிருந்து வருவதற்கே எட்டு மணியாகிறது. ராத்திரியில் இவளைத் தனியாகத் தோப்புக்கு அனுப்ப முடியுமா?"

நூற்றுக்கு நூறு உண்மை. குழாயும் பெட்டியுமாக 15 கிலோவுக்குக் குறையாது. யாராவது பெரியவர் கூட வந்து தூக்கிக் கொடுத்தால்தான் ஒரு பெண் குழந்தை வானத்தைப் பார்க்கலாம் என்றால், அது எத்தனை நாள் நடக்கும்? பைனாகுலரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. நினைத்த மாத்திரத்தில் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல், தன் வீட்டு மாடிப்படி ஏறிவிடலாம். தூக்க முடியாத கருவியைக் காட்டிலும் தூக்கக்கூடிய கண்தான் அதிகம் பார்க்கும்.

குழந்தை தானே முடிவு சொன்னாள்: "மாமா! இப்போது பைனாகுலர் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பணம் உண்டியலில் இருக்கட்டும். ஒரு வருஷம் எல்லா நக்ஷத்திரத்தையும் கற்றுக்கொண்ட பிறகு, குழாயை நானே செய்துவிடுகிறேன்."

செய்யக்கூடியதுதான். குழிக் கண்ணாடி தேய்க்கும் வித்தையைப் புனே நகரத்து வானியல் மையம் பட்டறை வைத்துக் கற்றுக் கொடுத்திருக்கிறது. சென்னை வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, ஜனங்கள் அறிந்துகொள்வதற்காக நம் பாஷைகளில் சிறு புஸ்தகம் வெளியிட்டார். திருப்பத்தூர் ஜில்லாக் காவலூரில் 1986 முதல் வேலை செய்யும் 2.3 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. இப்படிப்பட்ட தேசத்துப் பெண்ணுக்கு ஒரு சாண் கண்ணாடி தேய்ப்பது பெரிய காரியமா?

கடைசியாக எல்லாப் பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எந்தக் கண்ணாடி வாங்கினாலும், அதைச் சூரியனை நோக்கித் திருப்பக்கூடாது என்பதை முதல் நாளே குழந்தைகள் மனத்தில் பதிய வையுங்கள். 2010 ஜனவரி 15-ஆம் தேதி தென் தமிழ்நாட்டில் சூரியன் நெருப்பு வளையலாகத் தெரிந்தது. அதுபோன்ற காட்சி மறுபடி வரும்போது, சிறு துவாரம் போட்ட அட்டையின் வழியாகச் சுவரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே உத்தமம். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடும். மார்கழி வைகறையில் பனி கண்ணாடியை நனைக்கும், துணியால் அழுத்தித் துடைக்காமல் தானே உலரவிடுங்கள். தை பிறந்துவிட்டால் சித்திரை வரையில் வானம் நம்முடையது. வைகாசி முன்னிரவில் தெற்கே திரும்பி நின்றால், இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை நக்ஷத்திரங்கள் நிற்கும். டில்லிக்காரர்கள் அடிவானத்துப் புழுதியில் தேடவேண்டிய காட்சி அது. நமக்கோ மாடியிலிருந்தே கிடைக்கிறது.

ஆகவே முதலில் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். விளக்கை அணையுங்கள். கடைக்குப் போவதற்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது.